மில் வாசலில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

கரட்டுப்பாளையம் மில் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கி இருபத்துமூன்று வாரம் நகராமல் உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அந்த இருபத்துமூன்று வாரமும் தினம் கறிக்குழம்பு தின்று வயிறு கெட்டுப்போனவர்கள் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறார்கள், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளலாம். தேதி மட்டும் ஒழுங்காக மாறிக்கொண்டே இருந்தது, கிழமைதான் மாறவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை இழுத்துக்கொண்டு வந்தவள் பாவாயி. ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தவர் அவள் புருஷன் செங்கோட்டுவேல்.

இரண்டு பேரும் அந்த மில்லிலேயே வேலை பார்த்தவர்கள்தான். அவர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர், அவள் ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டுகிறவள், டோக்கன் நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு. மில்லில் யாருக்கும் பெயர் கிடையாது, டோக்கன்தான். அதே மாதிரி அந்த மில்லில் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி பூஜை முடிந்ததும் முதலாளி திருமூர்த்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் வாங்கிய தினசரி காலண்டரை மடியில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை மட்டும் தன் கையாலேயே கிழித்துக் கீழே போடுவார். கிழித்து முடித்த பிறகுதான் சர்க்கரைப் பொங்கல். சனிக்கிழமைத் தாளைக் கிழித்தால் அடியில் திங்கட்கிழமை சிரிக்கும். மிஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை, மிஷின் கூடவே மனுஷனும் ஓட வேண்டும் என்பது அதற்கு அடுத்த கொள்கை. கீழே விழுந்த தாள்களை பாவாயி பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு போவாள், அவள் மகள் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பாள்.

அந்த மகளுக்கு ஒன்பது வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. காலை பத்து மணிக்கு, பிள்ளைக்குக் கண் செருகுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டருகே வந்து கத்தினாள், பாவாயி மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்தாள், வாட்ச்மேன் சுப்பராயன் கேட்டைத் திறக்கப் போனவன் முதலாளியின் கார் நிற்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமைங்க சாமி, ஒரே ஒரு நாள் வுடுங்க, புள்ளையப் பாத்துட்டு ஓடியாந்தறனுங்க" என்று அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். முதலாளி கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். "இந்த மில்லுக்குள்ள ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணே கிடையாதும்மா. இல்லாத நாளுக்கு நான் எப்படி லீவு குடுக்கறது?" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கேட் இரண்டு மணிக்குத் திறந்தது. பிள்ளை ஒரு மணிக்கே போய்விட்டாள். ஒர்க்‌ஷாப்பில் டபுள் ஷிப்டில் இருந்த செங்கோட்டுவேலுக்கு இரண்டே காலுக்குத்தான் விஷயமே தெரியும்.

அதற்குப் பிறகும் பத்தொன்பது வருஷம் பாவாயி அதே மில்லில் இழை ஒட்டினாள். ஏன் நின்றுவிடவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. பதில் எனக்குத் தெரியும்: தினம் அந்த முகத்தைப் பார்க்காவிட்டால் கோபம் ஆறிவிடுமோ என்று பயந்தாள். சாம்பல் பூத்துவிடாமல் ஊதிக்கொண்டே இருந்தாள். ஜனவரி முதல் தேதி கீழே விழும் தாள்களை முன்போலவே பொறுக்கிக்கொண்டும் வந்தாள். வீட்டில் மகளின் பெயரை அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேரில் ஒருவர் உடைந்துவிடுவார் என்று இரண்டு பேருக்கும் தெரியும், அதனால் இருபது வருஷம் அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலிக்கவே இல்லை.

வயதாகி மில்லை விட்டு நின்ற மறு வருஷம் செங்கோட்டுவேல் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பழைய தகடுகளை வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் வைத்துத் தட்டித் தட்டி ஒரு குட்டி டிரெய்லர் செய்தார். பத்தடி நீளம், ஆறடி அகலம், உள்ளே மடித்து வைக்கிற மாதிரி ஒரு பலகைக் கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு ஜன்னல், பின்னால் இறங்க இரண்டு படி. பாவாயி வாழ்நாளில் பார்த்த தூரம் வீட்டுக்கும் மில்லுக்கும் நடுவே உள்ள தூரம்தான் என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வெயிலில் தகடு கொதித்தது, சூடு தாங்காமல் உள்சுவர் முழுக்க ஏதாவது காகிதம் ஒட்டலாம் என்றார். அவள் பரணிலிருந்து நான்கு சாக்கு நிறைய ஞாயிற்றுக்கிழமைகளை இறக்கிக் கொடுத்தாள். மைதா பசை காய்ச்சி, சுவரில் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே பிளைவுட் அடித்து மூடிவிட்டார்கள், மூடியதோடு மறந்தும்விட்டார்கள்.

ஒரு பழைய ஜீப்பின் பின்னால் அதை மாட்டிக்கொண்டு சனிக்கிழமை மத்தியானம் கிளம்புவது, ஞாயிறு தங்குவது, சாயங்காலம் திரும்புவது. இப்படி மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. நாலாவது வாரம் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் ஜீப்பின் செல்ஃப் மோட்டார் மண்டையைப் போட்டது. நாளைக்குத் திங்கட்கிழமை மெக்கானிக் கடையைத் திறப்பான் என்றார்கள். மறுநாள் விடிந்தது, கடை திறக்கவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்களே" என்றான் மெக்கானிக், தலையில் எண்ணெய் வழிய. அதற்கு மறுநாளும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கும் மறுநாள் பள்ளிக்கூட வாத்தியார் டிரெய்லரைச் சுற்றி இரண்டு தரம் நடந்து பார்த்துவிட்டு, "உங்க வண்டி வந்ததுல இருந்துதான் இப்படி" என்று குற்றமாக இல்லாமல் தகவலாகச் சொன்னார். செங்கோட்டுவேல் நடந்தே பக்கத்து ஊருக்குப் போனார், அங்கே புதன்கிழமையாக இருந்தது, கடையெல்லாம் திறந்திருந்தது, மோட்டாரை வாங்கிக்கொண்டு திரும்பினார், எல்லைக் கல்லைத் தாண்டியதும் மறுபடி ஞாயிறு, கறி வாசம். டிரெய்லர் நகர்ந்ததும் அந்த ஊரின் மேல் புதன்கிழமை தொப்பென்று வந்து விழுந்தது, வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணியடிக்க ஓடினார்.

பாவாயி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிளைவுட்டுக்கு அடியில் ஒட்டிய தாள்கள் ஞாபகம் வந்தன, இந்த வண்டி நிற்கிற இடத்தில் ஒரு ஞாயிறு விடிந்துவிட்டால் வண்டி நகர்ந்தால்தான் அதுவும் நகரும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

"ஏனுங்க."

"என்ன புள்ள?"

"வண்டிய மில்லுக்கு வுடுங்க."

செங்கோட்டுவேல் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தார். "அடுத்த வாரம் கடலுக்குப் போலாம்னு நீதான சொன்னே. கடலே பாத்ததில்லைன்னு."

"கடல் எங்கயும் ஓடிப் போயறாது. அந்தாளுக்கு எழுவத்தஞ்சு ஆச்சு, அதுக்குள்ள செத்துக் கித்துப் போயிட்டா நான் என்னங்க பண்றது?"

கடலுக்குப் போக அவருக்குத்தான் ஆசை, அதை வெளியே சொல்லிப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை மில் கேட்டுக்கு எதிரே, வாகை மரத்தடிப் புறம்போக்கில், டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். முதலாளியின் பங்களா காம்பவுண்டுக்கு உள்ளேயே இருந்தது. பாவாயி படியில் நின்று "ஏனுங்க" என்று கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரத்துக்கு மறுநாள் ஞாயிறு விடிந்து பரவியது. அவளுக்கு மில் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மில், பங்களா, மில்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள், கறிக்கடை, ரேஷன் கடை, அந்தோணியார் கோவில், பள்ளிக்கூடத்தில் பாதி எல்லாம் அதற்குள் வந்துவிட்டன.

மில்லில் அதுவரை ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடியதே, இப்போது மட்டும் என்ன என்று கேட்கலாம். அதெல்லாம் கிழிக்கப்பட்ட ஞாயிறு, பெயருக்குக்கூட ஞாயிறு இல்லை. இது முழு ஞாயிறு. எத்தனையோ வருஷமாக வராமல் நின்ற அத்தனையும் ஒன்றாகத் திரண்டு வந்து உட்கார்ந்தது, கறிக்குழம்பு தின்ற மத்தியானத்துத் தூக்கத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்தது. ஷிப்டுக்குப் போனவர்கள் மிஷின் முன்னால் நின்றபடி கொட்டாவி விட்டார்கள், இழை அறுந்தது, ஒட்டக் கை எழவில்லை, பஞ்சு மூட்டை மேல் சாய்ந்தவர்கள் சாய்ந்தபடியே குறட்டை விட்டார்கள். சூப்பர்வைசர் எழுப்பப் போனவர் அவர்களுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். சங்கு ஊதுகிறவன் ஊதப் போய், பாதி ஊதி, மீதியை நாளைக்கு ஊதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக அந்த மில்லில் ஒரு காக்கா கத்துவது பாவாயிக்குக் கேட்டது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் வேடிக்கை. முதல் வாரம் எல்லாரும் தூங்கினார்கள். இரண்டாவது வாரம் முழித்துக்கொண்டு ஏற்பாடுகளில் இறங்கினார்கள். ரேஷன் கடை ஞாயிறு லீவு ஆகையால் திறக்கவில்லை, உடனே அதன் பின்சுவரை இடித்து வாசல் வைத்தார்கள், பின்பக்கம் எல்லைக்கு வெளியே, அங்கே செவ்வாய்க்கிழமை, அரிசி கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு லீவு, ஏழாம் வகுப்புக்குப் பாடம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஆறாம் வகுப்புக்குள் குதிப்பதை நிறுத்த முடியாமல் ஹெட்மாஸ்டர் கரும்பலகைகளைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். அந்தோணியார் கோவில் சாமியார் தினமும் பூசை வைத்து, தினமும் பிரசங்கம் செய்து, மூன்றாவது வாரம் "முந்தாநாள் சொன்னதையே நினைச்சுக்கங்க பிள்ளைங்களா" என்று உட்கார்ந்துவிட்டார். டவுன் பஸ் கண்டக்டர் எல்லைக்கு நூறடி முன்னாலேயே விசில் அடித்து, "ஞாயித்துக்கிழமைக்கு எறங்கறவங்கெல்லாம் எறங்கு, வியாழக்கிழமை டிக்கெட்டெல்லாம் உக்காரு" என்று கத்தினார். பிழைப்பு வேண்டியவர்களை வெள்ளிக்கிழமைப் பக்கம் நின்று மற்ற மில் வேன்கள் ஏற்றிக்கொண்டு போயின. சாயங்காலம் அவர்கள் வேனிலிருந்து இறங்கி நாலடி நடந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், பாய் தலையணையோடு வந்தார்கள், வாரம் பூராவும் செத்துச் சுண்ணாம்பாகி இங்கே வந்து ஒரு மத்தியானம் தூங்கிவிட்டுப் போனார்கள்.

சண்டைக்கு முதலில் வந்தது பொம்பளைகள்தான்.

"உனக்கென்ன பாவாயி, நோகாம படியில உக்காந்துக்கிட்டே. எங்களுக்குத் தெனம் கறி கழுவி, மசால் அரைச்சு, பாத்தரம் தேய்ச்சு இடுப்பு ஒடியுது. உன்ற பழிய அந்தாளு மேல தீத்துக்க, எங்க மேல ஏன் தீத்துக்கறே?" என்று லைன் வீட்டு ரங்காத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

நியாயம்தான் என்று பாவாயிக்குத் தோன்றியது. ஞாயிறு ஆம்பளைகளுக்கு மட்டும்தான் லீவு என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அன்றிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஆம்பளைகள் சமைப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தது, சமைக்கிற முறை வந்த ஆம்பளைகள் சத்தமில்லாமல் செவ்வாய்க்கிழமைக்குள் நழுவப் பார்க்க, எல்லையில் பொம்பளைகள் கரண்டியோடு காவல் நின்றார்கள்.

முதலாளி சும்மா இருப்பாரா? போலீசுக்குச் சொன்னார். ஏட்டையா ஜீப்பில் வந்தார், எல்லைக்குள் கால் வைத்ததும் தொப்பியைக் கழற்றினார், பாவாயி கொடுத்த நல்லி எலும்பு ரசத்தைக் குடித்துவிட்டு வாகை மரத்தடியில் துண்டை விரித்தார். இழுத்துக்கொண்டு போக லாரி வந்தது, டிரைவர் ஸ்டீரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினான். வண்டிக்கு அனுமதி உண்டா என்று கேட்க வந்த அதிகாரி, லீவு நாளில் பேப்பர் கேட்பது சட்டப்படி தப்பு என்று தன்னையே கண்டித்துக்கொண்டு போனார்.

முதலாளிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அந்த வட்டத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை ஒட்டாத ஒரே ஆள் அவர்தான். ஊரே குறட்டை விடும்போது அவர் ஒருவர் மட்டும் கைத்தடியோடு மில்லுக்குள் நடந்தார், ஒவ்வொரு மிஷினாகச் சுவிட்சைப் போட்டார், இழை அறுந்தபோது ஒட்டப் பார்த்தார், அந்த வித்தை அவருக்குத் தெரியாது, ஒட்டியது மறுபடி அறுந்தது. எட்டு வாரம் இப்படிக் கழிந்தது. எட்டாவது வாரம் அவர் மேனேஜரை அனுப்பி, பாவாயிக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"நாள நகத்தோணும்னா ரெண்டு சொல்லு சொல்லோணும்" என்றாள் பாவாயி. "மில் மைக்குல, ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லோணும். அன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்னு சொல்லோணும். அன்னிக்குச் செத்த என்ற பொண்ணு பேரச் சொல்லோணும். அவ்வளவுதான்."

முதலாளிக்கு இது இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அன்றைக்கே மைக்கைப் பிடித்து, "அன்றைய தினம் ஞாயிற்றுக்கிழமைதான், மறுக்கவில்லை" என்று கணீரென்று சொன்னார். அப்புறம் பேரேடு கொண்டுவரச் சொன்னார். பேரேட்டில் முந்நூற்றுப் பதினெட்டு இருந்தது, முந்நூற்றுப் பதினெட்டுக்கு வருகை இருந்தது, அன்றைய தேதியில்கூட வருகை போட்டிருந்தது. மகள் பெயர் எங்கும் இல்லை. "டோக்கன் முந்நூற்றுப் பதினெட்டின் மகள்" என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார். பாவாயி படியில் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினாள். போதாது என்றாள்.

இந்த இடத்தில்தான் திருமூர்த்தி முதலாளி ஒரு தப்புக் கணக்குப் போட்டார். ஊரில் யாரையாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தார். முதல் நாள் வாட்ச்மேன் சுப்பராயன் வீட்டுக்குப் போனார், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தொழிலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். சுப்பராயனுக்கும் இப்போது வயதாகிவிட்டது. அன்றைக்குக் கேட்டிலிருந்து எடுத்த கையை அவன் அதற்கப்புறம் சோற்றில் வைக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"அந்தப் பொண்ணு பேர் என்னப்பா?"

"மாராத்தாளுங்க" என்றான் சுப்பராயன்.

முதலாளி ஓடிப்போய் மைக்கில் சொன்னார். பாவாயி தலையை ஆட்டினாள். மாராத்தாள் சுப்பராயனின் அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் உயிர் பிரியும்போது சுப்பராயன் கேட்டில் நின்றுகொண்டிருந்தான், அடக்கத்துக்குத்தான் போனான். மைக்கில் அவள் பெயர் கேட்டதும் அவன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது, அது அன்று முழுக்க நிற்கவில்லை.

மறுநாள் அவர் ரங்காத்தாளைக் கேட்டார், அவள் ஒரு பெயர் சொன்னாள், அது வயலில் பாம்பு கடித்துச் செத்த அவள் தங்கச்சி பெயர். அதற்கு மறுநாள் ஒருவன் காவேரி என்றான், இன்னொருத்தி ஜோசப் என்றாள், பெண்ணின் பெயரைத்தானே கேட்டேன் என்று முதலாளி கோபித்தார், "நீங்க கேட்டீங்க, எனக்கு இதான் வாயில வருதுங்க, என்ன பண்ணட்டும்?" என்றாள் அவள். யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. யாரைக் கேட்டாலும் அவரவர் இழந்த ஆளின் பெயர்தான் வாயில் வந்தது. எது சரியான பெயர் என்று தெரியாததால் எல்லாவற்றையும் அவர் மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் சரோஜினி என்கிற, கோன் வைண்டிங்கில் நூல் சுற்றும் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "பேரு வெக்கலீங்க. ஏழு மாசம். மில்லு கக்கூஸ்லயே போயிருச்சு. பேரு வெக்காத புள்ளைன்னே சொல்லுங்க" என்றாள். அவர் அதையும் மைக்கில் சொன்னார். அன்று ஊரில் யாரும் கறி எடுக்கவில்லை.

போகப் போக இரண்டு மூன்று நாளைக்கு ஒரு பெயர்தான் கிடைத்தது, பதினைந்து வாரத்தில் நாற்பத்தொரு பெயர் ஆயிற்று. பதினோரு மணிக்கு முதலாளி பெயர் சொல்வார் என்று ஊர் பழகிப்போய், அடுப்பில் குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே போனது. பாவாயியும் கேட்டாள். முதலில் சிலநாள் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன். எழுபத்தைந்து வயசு மனுஷன் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளுக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது. இன்னும் நிற்கட்டும், முட்டி தேயட்டும் என்றுதான் இருந்தது. அப்புறம் ஒருநாள், மில் கேட்டின் கம்பி வழியாக, அவர் மைக்கை வைத்துவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுப்பதை அவள் பார்த்தாள். ஒரு பெயர் சொல்லி முடித்ததும் அந்தப் பெயருக்கு நேராக பென்சிலால் ஒரு டிக் போட்டார். போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

பாவாயி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"என்ன புள்ள?" என்றார் செங்கோட்டுவேல்.

"டிக் போடறாருங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. இருபத்துமூன்று வாரமாக ஒரு வார்த்தை கேட்காமல், கடலைப் பற்றி ஒருநாள்கூடப் பேச்செடுக்காமல், தண்ணீர் தூக்கி, விறகு பிளந்து, அவள் பழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனுஷன், முதல்முறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி" என்றார்.

மறுநாள் காலை முதலாளி டிரெய்லர் படிக்கே வந்துவிட்டார். கேட்க ஊரில் வேறு வீடு மிச்சமில்லை. நோட்டு கையில் இருந்தது. லைன் வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள்.

"நாப்பத்தொரு பேர் சொல்லிட்டேன்மா" என்றார். "இன்னும் ஒரு பேர்தான் பாக்கி. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீயே சொல்லிரு. நான் மைக்குல சொல்லிடறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"சொன்னதும் முடிஞ்சிருமேம்மா. உனக்கும் ஆறுதல், எனக்கும் நிம்மதி."

பாவாயி அவரையே பார்த்தாள். இருபது வருஷமாக இந்த வாயிலிருந்து அந்தப் பெயர் வர வேண்டும் என்றுதான் அவள் உயிரோடு இருந்தாள். இப்போது அந்த வாய் திறந்து காத்துக்கொண்டிருந்தது, பென்சில் சட்டைப் பையில் சீவித் தயாராக இருந்தது. கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், சொல்வார், டிக் போடுவார், சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். முதல்முறையாக நன்றாகத் தூங்குவார்.

"முடியக் கூடாதுங்க" என்றாள். "அதான் வேண்டாங்கறேன். என்ற பொண்ணு பேரு உங்களுக்குக் கெடையாது. எனக்கு லீவு இல்லைன்னீங்கல்ல, அதே மாதிரி உங்களுக்கு அந்தப் பேரு இல்ல. சாகற வரைக்கும் தெரியாமயே இருங்க. செத்ததுக்கப்பறமும் தெரியாமயே இருங்க."

முதலாளி உண்மையிலேயே காலில் விழப் போனார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து, "ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றாள், அந்தக் குரல் ஞாயிற்றுக்கிழமையின் கடைசி எல்லை வரைக்கும் கேட்டது.

டிரெய்லர் நகர்ந்ததும் வெளியே நின்றிருந்த சனிக்கிழமை ஊரின் மேல் வந்து விழுந்தது. ஏட்டையா எழுந்து தொப்பியைத் தேடினார். சங்கு ஊதுகிறவன் மிச்சமிருந்த பாதியை ஊதினான். கேட் திறந்தது, உள்ளே போனவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் வெளியே நின்று, மறுநாளுக்கு லீவு உண்டா என்று முதலில் கேட்டார்கள், உண்டு என்று மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினார்கள். ஜனவரி முதல் தேதி அங்கே இப்போது பொங்கல் மட்டும்தான்.

திருமூர்த்தி முதலாளி மில்லுக்குள் போவதை விட்டுவிட்டார். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் அந்த நோட்டு, கடைசி வரியில் எண் மட்டும் போட்டுக் காலியாக விட்டிருக்கிறார். போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, அந்தப் பொண்ணு பேர் என்ன என்று கேட்கிறார். நல்லவர்கள் பரிதாபப்படுகிறார்கள், ஆனால் சொல்வதில்லை. அதே பெயருள்ள மூன்று பெண் பிள்ளைகள் அந்த ஊரில் உண்டு. அவர்களை வாசலில் நின்று யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பாப்பா, குட்டி, கண்ணு என்றே கூப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர்கூட அந்த மூன்று பேருக்கும் வருகை எடுக்கும்போது முகத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொள்கிறார். ஊரே ஒரு பெயரை வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறது.

பாவாயியும் செங்கோட்டுவேலும் நேரே கடலுக்குத்தான் போனார்கள். இப்போதும் சனிக்கிழமைதோறும் போகிறார்கள், ஞாயிறு சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள், எந்த ஊருக்கும் தொந்தரவு இல்லை. அன்றைக்கு மணலில் ஜீப்பை நிறுத்தியதும் பாவாயி புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள், அலை வந்து கணுக்காலைத் தொட்டதும் பயந்து ஒரு குரல் கொடுத்தாள், அப்போது பின்னால் நின்றிருந்த செங்கோட்டுவேல், இருபது வருஷம் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை, மகளின் பெயரை, வாய்விட்டுக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டார். பாவாயி திரும்பிப் பார்த்தாள். அவளும் கூப்பிட்டாள். பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவன், பிள்ளை எங்கேயோ தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தேட ஓடிவந்தான். இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார்கள், உடைந்துதான் போனார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே உடைந்ததால் தாங்க முடிந்தது.

என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நீங்கள் யாரோ, எந்த ஊரோ. என்றைக்காவது கரட்டுப்பாளையம் வழியாகப் போவீர்கள், கேட்டருகே உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவர் எழுந்து வந்து உங்களைக் கும்பிட்டுக் கேட்பார், உங்களுக்கு மனசு இளகிவிடும்.